கவலையும் எண்ணச் சுழற்சி நோயும்: வேறுபாடு அறியப்பட்ட வரலாறு

எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) என்பது, விரும்பாத எண்ணம் மனத்தில் திரும்பத் திரும்ப நுழைவதும், அது தரும் பதற்றத்தைத் தணிக்க ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்வதுமான நிலை. இயல்பான கவலையிலிருந்து இது எங்கே பிரிகிறது என்பதற்கு விடை காண மருத்துவ உலகுக்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இலங்கையில் பிறந்த உளவியலாளர் ஒருவருக்கு அதில் முக்கியப் பங்குண்டு.

தொடக்ககால விளக்கங்கள்

பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் 1838-இல் வெளியிட்ட நூலில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். கணக்கில் தவறு செய்து பிறருக்கு இழப்பு உண்டாக்கிவிடுவோமோ என்ற அச்சம் அவரை விடவில்லை. தம் அச்சம் பொருளற்றது என்பதையும் அவர் அறிந்திருந்தார். எஸ்கிரோல் இதைப் பித்தின் ஒரு வகையாகக் கருதினார். 1877-இல் செருமானிய மருத்துவர் வெஸ்ட்பால், அறிவு தெளிவாக இருக்கும்போதே விருப்பத்துக்கு மாறாக எழும் எண்ணம் இது என்று விளக்கினார். பித்திலிருந்து இந்நோய் பிரிந்தது. கவலையிலிருந்து பிரியவில்லை.

இந்திய ஆய்வுகள்

1975-இல் சண்டிகர் மருத்துவர்கள் 82 நோயாளிகளின் எண்ணங்களை ஐயம், சிந்தனை, அச்சம், உந்துதல், மனக்காட்சி என ஐந்தாக வகுத்தனர். ஐயமே மிகுதியாகக் காணப்பட்டது. அதே ஆண்டில் அஜிதா சக்கரவர்த்தி, வங்காளத்தில் ‘சுசிபாய்’ எனப்படும் மிகைத் தூய்மைப் பழக்கத்தை இந்நோயுடன் ஒப்பிட்டு எழுதினார். தமிழ்நாட்டில் மடி, தீட்டு ஆகியவற்றைக் கடைப்பிடிக்கும் வீடுகளிலும், ஆசாரம் எது, நோய் எது என்ற குழப்பத்துக்கு இடமுண்டு.

1978 ஆய்வு

இலங்கையில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய பத்மால் டி சில்வாவும் ஸ்டான்லி ராக்மனும், நோயில்லாத 124 பேரிடம் விரும்பத்தகாத எண்ணங்கள் வருவதுண்டா என்று கேட்டனர். ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் உண்டு என்றனர். அன்புக்குரியவரைத் தாக்குவது, தகாத சொல்லைக் கத்துவது போன்ற எண்ணங்கள் நோயற்றவர்களுக்கும் வந்தன. உள்ளடக்கத்தில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடில்லை. நோயாளிகளுக்கு அவை அடிக்கடி வந்தன, நீண்டன, எளிதில் விலகவில்லை. 2014-இல் 13 நாடுகளின் 777 மாணவர்களிடம் நடந்த ஆய்வும் இம்முடிவை உறுதிசெய்தது.

எண்ணத்துக்குத் தரும் பொருளே வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று 1985-இல் பால் சால்கோவ்ஸ்கிஸ் விளக்கினார். தீங்கு நேர்ந்தால் தானே பொறுப்பு என நம்புபவர், அதைத் தடுக்கச் சடங்கு போன்ற செயல்களில் இறங்குகிறார்.

இரண்டையும் பிரித்தறிதல்

சோழபுரம் போன்ற ஊரில், மழை பொய்த்தால் விளைச்சல் என்னாகும் என்று உழவர் எண்ணுவது கவலை. அது நடப்பு வாழ்க்கையைப் பற்றியது. நிலைமை மாறினால் தணியும். கைக்குழந்தையைத் தானே காயப்படுத்திவிடுவோமோ என்று ஒரு தாய் நடுங்கி, அரிவாள்மனையை ஒளித்துவைத்து, ‘நான் அப்படிச் செய்யமாட்டேன்தானே?’ என்று நாள் முழுதும் கேட்பது எண்ணச் சுழற்சி. அந்த எண்ணம் அவர் இயல்புக்கே எதிரானது. அதனால்தான் அது அவரை வதைக்கிறது. வெளியே சொன்னால் தன்னைக் கொடியவள் என்பார்களோ என்று அஞ்சிப் பலர் மறைக்கின்றனர். நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதோ, அன்றாட வாழ்வைக் குலைப்பதோ நோயறிதலுக்கான அளவுகோலாக உள்ளது.

சிகிச்சை

‘ஒன்றும் ஆகாது’ என்ற ஆறுதல் கவலைக்கு மருந்தாகலாம். இந்நோயில் அது சற்று நேரமே நிற்கும். மீண்டும் கேட்கத் தூண்டும். 1966-இல் விக்டர் மேயர், அச்சந்தரும் சூழலில் நோயாளியை இருக்கச்செய்து, சடங்குச் செயலை மட்டும் தடுக்கும் முறையை வெளியிட்டார். பதற்றம் தானாகவே தணிவதை நோயாளி கண்டறிகிறார். இன்றும் மருந்துகளுடன் இதுவே முதன்மைச் சிகிச்சை. 2022-இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் அணுகலாம்.