கொட்டகைப் பாடபேதங்கள்: தாம்பரம் வட்டாரத்தில் சாகசப் படங்களை மறுபடி பார்த்தல்

1. எல்லை

கதை தெரிந்துபோன பிறகு கண்ணுக்கு வேலை குறைவதில்லை, கூடுகிறது. யார் துரோகி, எந்தச் சுவர் நகரும், கப்பல் எப்போது தீப்பிடிக்கும் என்பதெல்லாம் தெரிந்தவர் நாயகனின் முகத்தை விட்டுவிட்டுத் திரையின் ஓரங்களுக்குப் போய்விடுகிறார். அங்கே அவர் என்ன பார்க்கிறார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சாகசப் படம் என்று இங்கே நான் சொல்வது, கொட்டகைக்குப் போனவர்கள் ‘சண்டைப் படம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிய வகையை. கத்திச் சண்டை, கடல், தீவு, உளவு, புதையல் எல்லாம் அதில் சேரும். எடுத்துக்கொண்ட நிலப்பகுதி பரங்கிமலையில் தொடங்கிப் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வழியாக வண்டலூர் வரை, ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் கூடவே ஓடும் பகுதி. பரங்கிமலை ஜோதி, குரோம்பேட்டை வெற்றி, தாம்பரம் வித்யா, நேஷனல் என்று, வழி சொல்வதற்கே தியேட்டர் பெயரைச் சொல்லிப் பழகிய ஊர்கள் இவை.

ரசிகர்கள் கண்டுபிடிக்கும் நுணுக்கங்களை இரண்டாகப் பிரிப்பது வழக்கம்: இயக்குநர் வேண்டுமென்றே ஒளித்துவைத்தவை, இயக்குநர் கண்ணில் படாமல் தப்பியவை. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றுதான் இங்கே அதிகம் என்பது என் வாதம். பார்க்கிறவர் எங்கே குடியிருக்கிறார் என்பதால் மட்டுமே அவர் கண்ணிலோ காதிலோ படுபவை அவை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் சுவடிக்குச் சுவடி சொல் மாறுவதை ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த மாற்றத்துக்குப் பாடபேதம் என்று பெயர். எங்கள் பகுதி ரசிகர்கள் சேர்த்துவைத்திருப்பவையும் பாடபேதங்களே. ஏடு மட்டும் பிலிம்.

2. குரல்

குரோம்பேட்டையில் நான் முடிவெட்டிக்கொள்ளும் சலூனில் ஒரு சின்ன டி.வி. உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ‘காவல்காரன்’ ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் கத்தரியை என் காதோரம் நிறுத்தினார்.

“சார், கேளுங்க. இது சுடுறதுக்கு முன்னாடி எடுத்தது.”

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு காட்சி. “இது பின்னாடி.”

“எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க?”

“பத்து வருஷமா உங்க தலை எனக்குத் தெரியலையா? அப்படித்தான்.”

1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. அவர் மருத்துவமனையில் கிடந்த அடுத்த நாள், ஜனவரி 13 அன்று, ‘தாய்க்குத் தலைமகன்’ பொங்கல் படமாக வெளிவந்தது. அதில் ஒலித்தது பழைய, தெளிந்த குரல். அடுத்த மாதத் தேர்தலில் பரங்கிமலைத் தொகுதி வேட்பாளர் அவர்தான். பிரசாரத்துக்கு வர முடியவில்லை. கழுத்துக் கட்டோடு இருக்கும் படம் சுவரொட்டியாகி அவருக்காக ஊர் ஊராகப் போனது. வென்றார். செப்டம்பரில் ‘காவல்காரன்’ வெளியானபோது, சுடப்படுவதற்கு முன்பு படமான காட்சிகளும் தேறி வந்தபின் படமானவையும் ஒரே படத்தில் அடுத்தடுத்து இருந்தன. வேறொருவரைக் குரல் கொடுக்கவைக்க அவர் இணங்கவில்லை.

இதில் தொழில்சார்ந்த ஒரு விஷயம் இருக்கிறது. படம் கதை வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை. அதனால் கதையின் காலம் ஒழுங்காக முன்னே போக, குரலின் காலம் முன்னும் பின்னும் தாவுகிறது. ஒரு காட்சியில் சொல்லின் விளிம்பு கூராக இருக்கும். அடுத்ததில் மழுங்கி, மூச்சு கூடுதலாகக் கலந்து வரும். அதற்கடுத்ததில் மறுபடி கூராகும். முதல்முறை பார்ப்பவருக்கு வேடம் மாறிய போலீஸ்காரனின் கதை மனத்தை இழுத்துக்கொள்வதால் இது உறைக்காது. மூன்றாம் முறை பார்ப்பவர், படமாக்கிய நாள்குறிப்பையே காதால் படிக்கிறார்.

இதைப் பிழை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சென்னை நகரத்துக்குள் இருப்பவருக்கு அது ஒரு நடிகருக்கு நேர்ந்த விபரீதம். இராமாவரத்துக்கும் பரங்கிமலைக்கும் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கோ அது தங்கள் எம்.எல்.ஏ.வின் தொண்டை. சலூன்காரரின் அப்பா அந்தத் தேர்தலில் வாக்களித்தவராம். மகனுக்கு அந்தக் காது பரம்பரையாக வந்திருக்கிறது என்றே எண்ணுகிறேன்.

3. ரீலும் நிறமும்

புறநகர்க் கொட்டகைகளுக்குப் படம் வரும்போது அதற்கு வயதாகியிருக்கும். அண்ணா சாலையில் மாதக்கணக்கில் ஓடி, கோடு விழுந்து, ஒட்டுப்போட்டு, பல இடங்களில் அறுந்த பிரதியே எங்களுக்குக் கிடைத்தது. சில சமயம் ஒரே பிரதியை இரண்டு ஊர்க் கொட்டகைகள் பகிர்ந்துகொள்ளும். அதற்கு ஷிப்டிங் என்று பெயர். இங்கே முதல் ரீல் முடிந்ததும் ஒரு பையன் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு விடுவான். ரயில்வே கேட் மூடியிருந்தால் அங்கே திரை வெள்ளையாக நிற்கும், கூட்டம் விசிலடிக்கும், விளம்பர ஸ்லைடு வரும். “பொட்டி வரலையா?” என்பது அந்நாளில் நிஜமான கேள்வி.

இப்படிக் குறைபட்ட பிரதியால் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பி.ஆர். பந்துலுவின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) படத்தைச் சிறுவயதில் பார்த்த கொட்டகையின் பெயர் இங்கே வேண்டாம். இரவுக் காட்சியைக் கடைசி ரயிலுக்கு முன்னால் முடிக்க ஆபரேட்டர் ரீல்களை வெட்டுவார் என்று பிற்பாடு தெரிந்தது. நான் பார்த்த பிரதியில் எம்.ஜி.ஆர். – நம்பியார் வாள் சண்டை பாதிதான் இருந்தது. முழுச் சண்டையைப் பல வருடம் கழித்துத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, யாரோ புதிதாக எடுத்துச் சேர்த்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். வெட்டிய துண்டுகள் வீணாகவில்லை. கொட்டகையின் பின்புறம் பொறுக்கியெடுத்து, தண்ணீர் நிரப்பிய பல்பின் முன்னால் வைத்து, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, அப்பாவின் வேட்டியில் படம் காட்டினோம். பிலிம் துண்டு ஒன்றுக்கு இரண்டு கோலிக்குண்டு விலை. நம்பியார் இருந்தால் மூன்று.

அந்தப் படத்தின் வேர் 1935இல் மைக்கேல் கர்டிஸ் இயக்கிய ‘கேப்டன் பிளட்’. இரண்டிலும் நாயகன் மருத்துவன், பிறகு அடிமை, பிறகு கடற்கொள்ளையன். ஹாலிவுட் படத்தின் கடற்போரில் பொம்மைக் கப்பல்களும் 1924இல் வந்த ‘தி சீ ஹாக்’ என்ற மௌனப் படத்தின் காட்சிகளும் கலந்திருக்கின்றன. பொம்மைக் கப்பலைக் கண்டுபிடிக்கக் கப்பலைப் பார்க்கக்கூடாது, தண்ணீரைப் பார்க்க வேண்டும். மரத்தைச் சிறிதாகச் செதுக்கலாம், நீர்த்துளியைச் சிறிதாக்க முடியாது. கேமராவை எவ்வளவு வேகமாக ஓட்டி அலையைக் கனமாகக் காட்டினாலும், தெறிக்கும் துளி மட்டும் கப்பலின் பீரங்கி அளவுக்குப் பெரிதாக நிற்கும்.

2014 மார்ச்சில் ‘ஆயிரத்தில் ஒருவன்’ டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு வெளியாகி, 175 நாள் கடந்து ஓடியது. தாம்பரத்திலிருந்து எலக்ட்ரிக் ட்ரெய்னில் எழும்பூரில் இறங்கி ஆல்பர்ட் தியேட்டருக்கு நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். எங்கள் பிரதிகளில் சாயம் வெளுத்து எல்லாமே இளஞ்சிவப்பாகப் போயிருந்தன. இங்கே கடல் நீலமாக இருந்தது! பக்கத்து இருக்கைப் பெரியவருக்கு அதில் திருப்தியில்லை. “அந்தப் பொட்டைக் காணோமே தம்பி” என்றார். ரீல் மாறும் முன் திரையின் வலது மேல்மூலையில் ஒரு வட்டப் புள்ளி வந்து போகும். சில நொடியில் மறுபடி வரும். முதல் புள்ளிக்கு ஆபரேட்டர் அடுத்த புரொஜக்டரை ஓடவிடுவார், இரண்டாவதற்கு ஒளியை மாற்றுவார். படத்தின் எந்த வசனத்தின்மேல் அந்தப் புள்ளி விழும் என்பது அந்தப் பெரியவருக்கு மனப்பாடம். டிஜிட்டலில் அதற்கு வேலையில்லை.

எம்.ஜி.ஆர். இயக்கிய ‘நாடோடி மன்னன்’ (1958) பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளையில் நடக்கும் படம் பிற்பகுதியில் சரோஜாதேவியின் வருகையையொட்டி வண்ணத்துக்கு மாறுகிறது. அரசனும் நாடோடியும் சேர்ந்து நிற்கும் இரட்டை வேடக் காட்சிகளை மறுபடி பார்ப்பவர்கள் முகங்களை விட்டு நடுவே தேடுவார்கள். பிலிமின் ஒரு பாதியை மறைத்து ஒருமுறை, மறுபாதியை மறைத்து இன்னொருமுறை எடுப்பதால் எங்கோ ஒரு ஒட்டு இருந்தாக வேண்டும். தூண், திரைச்சீலை, கதவின் நிலை ஆகியவை நடுவில் நின்றால் சந்தேகப்படலாம்.

4. கல், தண்டவாளம், மணல்

பல்லாவரம், திரிசூலம் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பாறையைத் தெரியும். நீலமும் கறுப்பும் கலந்து, உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியதுபோல மின்னும் கல். டி.எச். ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் அதற்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான் என்பதால் வந்த பெயர். இப்பாறைக்கு வகைமாதிரி இடமாக உலக நிலவியலார் சொல்வது பரங்கிமலை – பல்லாவரம் வட்டாரத்தைத்தான்.

தமிழ்ப் படத்தின் கடைசிச் சண்டைக்குக் கல்குவாரியைவிட வசதியான இடமில்லை. கதைப்படி அது பாலைவனக் கணவாயாகவோ கொள்ளையர் பள்ளத்தாக்காகவோ இருக்கும். வெட்டுச் சுவரும் பச்சைத் தண்ணீரும் தெரிந்ததும் “டேய், நம்ம கல்லு” என்று இங்கே ஒருவர் கத்துவார். இந்தச் சான்றை நான் முழுதாக ஏற்பதில்லை. நீலகிரியிலும் சேர்வராயன் மலையிலும் இதே பாறைதான். கல்லை மட்டும் வைத்து ஊரைச் சொல்வது, மூக்கை வைத்து மாமனைச் சொல்வது போல. பல சமயம் சரியாக இருக்கும், கல்யாணத்தில் மாட்டிக்கொள்வோம்.

தண்டவாளம் நம்பகமான சாட்சி. 1931இலிருந்து மின்ரயில் ஓடிய கடற்கரை – தாம்பரம் வழி 2004 வரை மீட்டர் கேஜ். பழைய படத்தில் நாயகன் ரயில் கூரைமேல் ஓடும்போது, தினம் அந்த வண்டியில் தொங்கிப் போனவர் கூரையின் அகலத்தைப் பார்த்தே எந்தப் பாதை என்று பிரித்துவிடுவார். ஒரு மீட்டருக்கும் பிராட் கேஜின் 1.676 மீட்டருக்கும் உள்ள வேறுபாடு அவர் உடம்பில் இருக்கிறது.

ஒலியிலும் ஒன்று உண்டு. அக்காலப் படங்களின் வெளிப்புறக் காட்சிகளில் பேச்சைப் பெரும்பாலும் பிறகு டப்பிங்கில் சேர்த்ததால் படப்பிடிப்பு இடத்து இரைச்சல் படத்தில் வராது. ஆனால் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அருகில் படம் பார்த்தவர்களுக்கு மன்னர் ஆணையிடும்போதெல்லாம் கொட்டகைக் கூரைக்கு மேல் விமானம் போயிருக்கிறது. அந்த வசனத்தை எங்கே கேட்டாலும் எனக்கு விமானமும் சேர்ந்தே கேட்கிறது. இதை எந்தப் பதிப்பில் குறிப்பது?

செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (2010) அடுத்த தலைமுறையின் பாடநூல். பெயர் ஒன்றுதான், கதைக்கும் 1965 படத்துக்கும் உறவில்லை. மூன்றாம் இராசேந்திரனின் கல்வெட்டுகள் நின்றுபோகும் 1279இல் தொடங்கி, சோழ வாரிசைத் தேடி வியட்நாம் பக்கத்துத் தீவுக்குப் போகிறது கதை. போனில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் பையன்களுக்கு அனிதா என்ற பாத்திரத்தின் பூர்வீகம் தெரிந்த பிறகு முதல் பாதியில் அவள் பார்வை ஒவ்வொன்றும் வேறு பொருள் தருகிறது. இது ஒளித்துவைத்த வகை. புதைமணலின்மேல் நடராசர் நிழல் விழ, அந்த நிழலுக்குள்ளேயே ஓடித் தப்பும் காட்சியில் சூரியன் எந்தப் பக்கம் என்று நிழலை வைத்துக் கணக்குப் போட்டவர்களையும் அறிவேன். தீவில் ராஜஸ்தான் மணல் எப்படி வந்தது என்று மட்டும் அவர்கள் கேட்பதில்லை. கல் தெரிந்த தலைமுறை அதைக் கேட்டிருக்கும்.

5. சுழலும் அறை

தாம்பரத்துக்கு அருகில் 1995இல் கிஷ்கிந்தா பூங்காவைத் திறந்த நவோதயா அப்பச்சன்தான், இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ (1984) தயாரிப்பாளர். இயக்கியது அவர் மகன் ஜிஜோ. அதில் குழந்தைகள் சுவரிலும் உத்தரத்திலும் நடக்கிறார்கள். அறையையே சுழலும்படி செய்து, கேமராவையும் அறையோடு சேர்த்துப் பூட்டும் பழைய உபாயம். ‘ராயல் வெட்டிங்’ (1951) படத்தில் பிரெட் அஸ்டேர் உத்தரத்தில் ஆடியதும் இப்படியே. நடப்பவர் காலைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். தொங்குபவற்றைப் பார்க்க வேண்டும்: பின்னல், பாவாடை ஓரம், சட்டையின் நுனி. புவியீர்ப்பு அவற்றில் மட்டும்தான் உண்மை பேசும். கிஷ்கிந்தாவில் ராட்டினத்தில் தலைகீழாகத் தொங்கி, சட்டைப்பையில் இருந்த சில்லறை முழுவதையும் கொட்டிவிட்டு இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

6. இல்லாத படம்

எம்.ஜி.ஆரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973 மே மாதம் வெளியானது. அதில் வரும் ஒசாகா உலகக் கண்காட்சி 1970 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. தாரோ ஒகமோட்டோவின் 70 மீட்டர் சூரியக் கோபுரம் இன்றும் நிற்கிறது. சுற்றியிருந்த அரங்குகளில் பெரும்பாலானவை அப்போதே பிரிக்கப்பட்டன. எங்கள் கொட்டகையில் மக்கள் வாய்பிளந்து பார்த்த எதிர்கால நகரம் அதற்குள் இடிந்துபோன நகரம்.

படத்தின் முடிவில் அடுத்த படத்துக்கு ஓர் அறிவிப்பு வரும்: ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’. அது எடுக்கப்படவேயில்லை. இதை ஒருநாள் சலூனில் சொன்னேன். பெஞ்சில் தினத்தந்தி படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“யார் சொன்னா? பல்லாவரத்துல நான் பார்த்திருக்கேன்.”

“முழுசாவா ஐயா?”

“எங்க முழுசா! இன்டர்வெல் வரைக்கும்தான். அப்புறம் பொட்டி வரல.”