வாளையாறு தாண்டிய அரிசி

2023 ஜூலை நினைவிருக்கிறதா? பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை ஏற்றுமதி செய்ய இந்தியா தடை போட்டதும் நம்மவர்கள் எல்லாரும் கடைக்கு ஓடினோமே! நானும் ஓடினேன். இங்கே டொராண்டோவில் ஒரு கடையில் 'ஆளுக்கு ஒரு மூட்டை' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மனைவியைத் தனி ஆளாக வரிசையில் நிற்கவைத்து இரண்டு மூட்டை வாங்கி வந்துவிட்டேன். பெருமையாக அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னால், அவர் சிரித்துவிட்டு, "உங்க அம்மாயி புத்தி அப்படியே வந்திருக்கு. அவங்களும் அரிசி கடத்தினவங்கதான்" என்றார்.

தூக்கிவாரிப் போட்டது. எங்கள் அம்மாயி கடத்தல்காரரா?

எங்கள் ஊர் கஞ்சிக்கோடு. பாலக்காட்டிலிருந்து கோவைக்குப் போகும் வழியில், வாளையாறுக்கு முன்னால் இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். 1965-ல் அம்மாவுக்கு எட்டு வயது. ரேஷன் அரிசி வாரம் முழுக்க வராது. வெளியே வாங்கலாம் என்றால் விலை கட்டுபடியாகாது. வாளையாறுக்கு அந்தப் பக்கம் விலை குறைவு. அம்மாயி ரயிலேறிப் போய், மூன்று படி அரிசியை மடியில் கட்டிக்கொண்டு திரும்புவாராம். கூடப் போகும் அம்மாவின் பாவாடைக்குள் ஒரு சின்னப் பை. ஒருநாள் வழியில் பிடித்துவிட்டார்கள். "காசு குடுத்து வாங்குனதுங்க, திருடலைங்க" என்று அம்மாயி திரும்பத் திரும்பச் சொன்னாராம். அரிசி போயிற்று. அன்று ராத்திரி வீட்டில் கப்பைக் கிழங்கு.

இதைக் கேட்டபிறகு கொஞ்சம் படித்துப் பார்த்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம்.

1956 அக்டோபர் 31 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தில்தான் இருந்தது, மலபார் மாவட்டத்தின் ஒரு பகுதியாக. வாளையாறு அப்போது மாநில எல்லையே இல்லை. உலகப் போர்க் காலத்தில் வந்த உணவுக் கட்டுப்பாட்டை 1952-ல் ராஜாஜி எடுத்துவிட்டார். அதனால் 1955-ல் கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு அரிசி வந்தால் அதற்குப் பெயர் வியாபாரம்.

1956 நவம்பர் 1-ல் கேரளம் பிறந்தது. அப்போதும் பெரிய சிக்கல் இல்லை. 1957-ல் ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் நான்கையும் சேர்த்துத் தென்மண்டலம் என்று ஒரே அரிசிச் சந்தையாக ஆக்கினார்கள். 1964-ல் நாடெங்கும் தட்டுப்பாடு. தென்மண்டலம் கலைந்தது, ஒவ்வொரு மாநிலமும் தனி மண்டலம் ஆனது. தன் தேவைக்கு வேண்டிய அரிசியை என்றுமே விளைவிக்காத கேரளம் மத்திய அரசின் கையை எதிர்பார்த்து நின்றது. 1966 தொடக்கத்தில் அரிசி கேட்டு அங்கே தெருவெங்கும் போராட்டம்.

அதே சாலை, அதே அரிசி. 1955-ல் வியாபாரம், 1965-ல் கடத்தல். நடுவில் மாறியது ஒரு கோடு மட்டும்தான்.

அரிசி இல்லாததால்தான் பசி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1943 வங்கப் பஞ்சத்தில் இருபது முப்பது லட்சம் பேர் செத்தார்கள். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றுபோனது உண்மைதான். ஆனால் வங்கத்தில் உணவு அடியோடு இல்லாமல் போய்விடவில்லை, கூலிக்காரனால் அதை வாங்க முடியவில்லை என்பதுதான் காரணம் என்று அமர்த்தியா சென் 1981-ல் எழுதினார். இன்றைக்கும் உலகத்தில் எல்லாருக்கும் போதுமான தானியம் விளைகிறது. ஆனாலும் 2024-ல் சுமார் 67 கோடிப் பேர் பசியோடு இருந்ததாக ஐ.நா. கணக்கு சொல்கிறது.

கேரளம் பாடம் கற்றது. அறுபதுகளின் அந்தத் தட்டுப்பாட்டிலிருந்துதான் எல்லாருக்கும் ரேஷன் என்ற ஏற்பாடு அங்கே வேர்பிடித்தது. 1997-ல் மத்திய அரசு ஏழை, ஏழையல்லாதவர் என்று பிரித்தபோது அது ஆட்டம் கண்டது. தமிழ்நாடு எல்லாருக்கும் என்பதை விடவில்லை. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். வேடிக்கை என்னவென்றால், அந்த இலவச அரிசி வாளையாறு வழியாகக் கேரளத்துக்குக் கடத்தப்பட்டுப் பிடிபடும் செய்தி இன்னும் வருகிறது. இது அம்மாயி மடியில் கட்டிய மூன்று படி அல்ல, லாரிக் கணக்கு! இங்கே திருட்டுப்போவது ஒரு ஏழையின் பங்கு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பாலக்காட்டைக் கேரளத்தின் நெற்களஞ்சியம் என்பார்கள். அதே மாவட்டத்தில்தான் அட்டப்பாடி. 2013-ல் அங்கே பழங்குடிக் குழந்தைகள் டஜன் கணக்கில் இறந்தன. தாய்மார்களின் ரத்தசோகையும் சத்துக்குறைவும் முக்கியக் காரணம். 1951-ல் அட்டப்பாடியில் பத்துக்கு ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர். 2011-ல் பாதிக்கும் குறைவுதான். வெளியிலிருந்து வந்தவர்கள் கைக்கு நிலம் போனது. ராகியும் சாமையும் விளைந்த காடும் போயிற்று. ரேஷன் அரிசி வந்தது, ஆனால் வெறும் அரிசி வயிற்றை நிரப்பும், ரத்தத்தை ஊறவைக்குமா? அவர்களைச் சுற்றி விழுந்த கோடு வரைபடத்தில்கூட இல்லை.

எங்கள் ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்ளும் நான், கஞ்சிக்கோட்டில் இருந்த காலத்தில் ஒருமுறைகூட அட்டப்பாடி போனதில்லை.

இந்தியாவின் ஏற்றுமதித் தடை 2024 செப்டம்பரில் நீங்கிவிட்டது. அன்று நான் வாங்கிய இரண்டாவது மூட்டையில் பாதி, வண்டு வைத்துக் குப்பைக்குப் போனது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அன்று எனக்குப் பின்னால் வரிசையில் ஒரு பெரியவர் நின்றார். அவருக்கு மூட்டை கிடைத்ததா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மாயி கடத்தியது பசிக்கு. நான் பதுக்கியது எதற்கு?

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு அரிசிக் கதை இருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள், உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.