டிசிஎஃப்77 நேரக்குறியும் கணினிக் கடிகாரமும்

டிசிஎஃப்77 என்பது ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 25 கி.மீ. தொலைவிலுள்ள மைன்ஃபிளிங்கனிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸ் நெட்டலையில் ஒலிபரப்பாகும் நேரக்குறி. இதற்கு ஆதாரமான அணுக் கடிகாரங்களைப் பிரவுன்ஷ்வைக்கிலுள்ள பிடிபி என்னும் அளவியல் நிறுவனம் பராமரிக்கிறது.

ஒலிபரப்பு 1959இல் தொடங்கியது; 1970 முதல் இடைவிடாமல் நடக்கிறது. தேதியும் மணியும் குறியீடாக இதில் ஏறியது 1973இல்.

குறியீட்டு முறை எளிமையானது. ஒவ்வொரு வினாடியின் தொடக்கத்திலும் அலையின் வீச்சு வெகுவாகத் தணியும். தணிவு 0.1 வினாடி நீடித்தால் சுழி, 0.2 வினாடி நீடித்தால் ஒன்று. எவ்வளவு தணியும் என்பதில் விவரிப்புகள் வேறுபடுகின்றன: பழையவை வழக்கமான வீச்சில் 25 சதவீதமாகக் குறையும் என்கின்றன, பிந்தியவை ஏறத்தாழ 15 சதவீதமாகக் குறையும் என்கின்றன. 59ஆம் வினாடியில் மட்டும் தணிவே இராது. அந்த விடுபடலைக் கண்டுதான் ரிசீவர் நிமிடம் முடிவதை அறிகிறது. அடுத்த தணிவு விழும் கணத்தில், அதுவரை சேர்த்துவைத்த நேரம் நடப்புக்கு வரும். ஒரு நிமிடத்தில் அனுப்பப்படுவது எப்போதும் அடுத்த நிமிடத்தின் நேரமே. பிழை காட்ட மூன்று பாரிட்டி பிட்கள் உண்டு. ஒரே தொகுதியில் இரண்டு பிழை நேர்ந்தால் அவை ஏமாந்துபோகும் என்பதால், நல்ல ரிசீவர்கள் அடுத்தடுத்த நிமிடங்களை ஒப்பிட்ட பிறகே நம்புகின்றன. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டுமே வருவதால், நூற்றாண்டைக் கணினியே நிரப்பிக்கொள்ள வேண்டும். லீப் வினாடி வருவதை ஒரு மணி நேரம் முன்பே சொல்ல ஒரு பிட் ஒதுக்கப்பட்டுள்ளது.

1983இல், அலையின் கட்டத்தை மாற்றிக் குறியீடு ஏற்றும் கட்டப் பண்பேற்றமும் சேர்ந்து துல்லியம் கூடியது.

கணினிக் கடிகாரத்தை இயக்கும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு 1.7 வினாடி தவறும். அதைத் திருத்த, ஃபெரைட் தண்டில் கம்பிச்சுருள் சுற்றிய சிறு ரிசீவரை சீரியல் போர்ட்டில் இணைத்தனர். டேவிட் மில்ஸ் வகுத்து 1985இல் வெளியான என்டிபி நெறிமுறையில், இப்படி நேரம் பெறும் கணினி முதல் படிநிலை வழங்கியாகி, மற்றவற்றுக்கு நேரம் சொல்லும். அலை 300 கி.மீ. கடக்க ஒரு மில்லிவினாடி ஆகும். அந்தத் தாமதத்தைப் பயனரே அமைப்புக் கோப்பில் எழுதித் தருவார். தண்டின் நீளப்பக்கம் மைன்ஃபிளிங்கனை நோக்கியிருக்க வேண்டும். பழைய குழாய்த் திரைகளுக்கு அருகே வைத்தால் இரைச்சல் மேலோங்கும். ரிசீவரைச் சற்றுத் தள்ளி ஜன்னலோரம் வைப்பதே வழக்கமான வைத்தியம்.

நேரக்குறி எட்டும் தூரம் சுமார் 2,000 கி.மீ. எனப் பொதுவாகக் கூறப்படினும், இது பகலிரவுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும்.

பின்னாளில் ஜிபிஎஸ் ரிசீவர்களும் இணையவழி நேர வழங்கிகளும் பரவின; ஆயினும் டிசிஎஃப்77 ஒலிபரப்பு தொடர்கிறது. 2006 முதல் நிமிடத்தின் தொடக்க பிட்களில் வானிலைத் தகவலும் செல்கிறது. நேரத்தை மட்டும் நாடும் மென்பொருளுக்கு அது தேவைப்படுவதில்லை.