கண் படாத அன்பு

சான்டா கிளாராவில் எல் கமினோ ரியல் சாலையை ஒட்டிய அடுக்ககங்களில் அடிக்கடி காணும் காட்சி இது. ஆறு மாத விசாவில் வந்த பாட்டி. மடியில் கன்னத்தில் மைப்பொட்டு வைத்த பேரன். "கொழுகொழுன்னு இருக்கானே" என்று யாராவது சொல்லிவிட்டால், அன்று மாலை உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாக வேண்டும். "அடுப்பில் போடாதேம்மா, அலாரம் அடிக்கும்" என்று மகள் கெஞ்சுவாள். பிரசவ அறையில் நின்று தொப்புள்கொடியை வெட்டிய மருமகன் பால் புட்டி கழுவிக்கொண்டிருப்பார். இவர்களில் யாருடைய பாசத்தை எப்படி அளப்பது?

உளவியலாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். மேரி எய்ன்ஸ்வொர்த் 1954–55இல் உகாண்டாவில் வீடுவீடாகச் சென்று தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் 'அந்நியச் சூழல்' என்ற இருபது நிமிடச் சோதனையை வகுத்தார். ஒரு வயதுக் குழந்தையைப் பொம்மைகள் நிறைந்த அறையில் விட்டுவிட்டுத் தாய் இருமுறை வெளியேறித் திரும்புவார். பிரிவில் அழுததைவிட, திரும்பி வந்தவரைக் குழந்தை எப்படி எதிர்கொள்கிறது என்பதுதான் முக்கியம். இதே சோதனையை ஜப்பானின் சப்போரோவில் நடத்தியபோது, தாயைப் பிரிந்தே பழகாத குழந்தைகள் தேற்ற முடியாமல் அழுதன. அளவுகோல் ஊருக்கு ஊர் வேறாகுமோ என்ற கேள்வி அப்போது வலுத்தது.

1972இல் கிளீவ்லாந்தில் மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் முதலியோர் 28 தாய்மாரை ஆராய்ந்தார்கள். பாதிப் பேருக்கு முதல் மூன்று நாளில் குழந்தையோடு 16 மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. ஒரு மாதம் கழித்து அவர்களிடம் நெருக்கம் கூடுதலாகத் தெரிந்தது. பிறந்த உடனே குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கும் மருத்துவமனை வழக்கம் தளர இது உதவியது. ஆனால் அறுவைச் சிகிச்சையாலோ இன்குபேட்டராலோ பிரிந்திருந்த தாய்மாரைக் குற்ற உணர்வு பிடித்தது. முதல் சில மணி நேரமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்று ஆய்வாளர்களே பின்னர் தணித்துச் சொன்னார்கள்.

தந்தையின் முறை தாமதமாகத்தான் வந்தது. நமக்கு அருகிலுள்ள பெர்க்லியில் எய்ன்ஸ்வொர்த்தின் மாணவி மேரி மெய்ன், டானா வெஸ்டனுடன் சேர்ந்து 1981இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே குழந்தையைத் தாயோடு ஒருமுறை, சில மாதம் கழித்துத் தந்தையோடு ஒருமுறை சோதித்தார்கள். ஒருவரிடம் பத்திரமாக உணர்ந்த குழந்தை மற்றவரிடம் அப்படி உணராமலும் இருந்தது. அப்பாவோடான கணக்கு தனிக் கணக்கு.

இவை குழந்தையின் பக்கத்தை அளந்தவை. பெற்றோரின் மனத்தை அளக்க வினாத்தாள்கள் வந்தன. ஆஸ்திரேலியாவில் ஜான் காண்டனும் கரோலின் கார்கின்டேலும் தாய்மாருக்கான 19 கேள்விகளை 1998இல் வெளியிட்டார்கள். தந்தையருக்கான அளவுகோல் 2008இல்தான் வந்தது. அதில் ஒரு பிரிவு 'பாசமும் பெருமிதமும்'.

நாம் இடறுவது இங்கேதான். "என் கண்ணே பட்டுடும்போல இருக்கு" என்று பார்வையைத் திருப்பிக்கொள்ளும் தாய், பெருமிதத்துக்கு எத்தனை மதிப்பெண் போட்டுக்கொள்வாள்? தமிழகக் குடும்பமொன்றோடு வாழ்ந்து மார்கரெட் டிராவிக் எழுதிய நூல் 1990இல் வெளிவந்தது. தாயன்பு அடக்கப்பட வேண்டியது, மறைக்கப்பட வேண்டியது என்ற நம்பிக்கையை அவர் அதில் பதிவுசெய்தார். அன்பு குறைவு என்பதல்ல அதன் பொருள். வெளிக்காட்டினால் குழந்தைக்கு ஆகாது என்ற அச்சம்.

நம் அப்பாக்களில் பலர் தலைப்பிரசவத்துக்கு மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பியவர்கள். பெரியவர்கள் முன்னால் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சக் கூசியவர்கள். அந்த வினாத்தாளில் அவர்கள் தோற்றிருக்கலாம். "அப்பாவுக்கு என்மேல் பாசம் இருந்ததா?" என்று இங்கே வளர்ந்த பிள்ளைகள் கேட்கும்போது இதையும் சேர்த்தே எண்ண வேண்டும். இன்றைய தந்தைக்குச் சட்டமும் துணை நிற்கிறது. அமெரிக்காவிலேயே முதலாவதாக, 2004இல் கலிஃபோர்னியா ஊதியத்துடன் ஆறு வாரக் குடும்ப விடுப்பை நடைமுறைப்படுத்தியது. 2020 முதல் அது எட்டு வாரம்.

ஆனால் விசா முடிந்து பாட்டி விமானம் ஏறிய இரவில் பேரன் யாரைத் தேடி அழுதான் என்று இந்தப் படிவங்கள் கேட்பதில்லை.