கைப்பொருளும் களவும்

பிறருடைய பொருள் ஒருவன் கையில் காணப்படுகிறது. அது கொண்டே அவனைக் கள்வன் என்று தீர்மானித்துவிடலாமா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு உலகம் நெடுங்காலம் முயன்றிருக்கிறது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

சிலப்பதிகாரத்தை நாம் கற்பின் பெருமை கூறும் காப்பியமாகப் படிக்கிறோம். ஒரு வழக்கின் வரலாறாகவும் அதனைப் படிக்கலாம். கோப்பெருந்தேவியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், கோவலனிடம் ஒரு சிலம்பைக் கண்டதும் பழியை அவன்மேல் ஏற்றினான். சிலம்பு அவன் கைவசம் இருப்பதொன்றையே பாண்டியன் போதிய சான்றாகக் கொண்டான். அது தேவியின் சிலம்புதானா, கோவலனுக்கு எவ்வாறு கிடைத்தது என்னும் இரு வினாக்களும் எழுப்பப்படவில்லை. தேவியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள். கண்ணகியின் சிலம்பிலிருந்து தெறித்ததோ மாணிக்கம். விசாரணை நடந்தது, ஆனால் தண்டனைக்குப் பின்னர் நடந்தது.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ரோமானியர் வகுத்த பன்னிரு பட்டயச் சட்டத்திலும் இத்தகைய கடுமை உண்டு. சாட்சிகள் முன்னிலையில் சோதனையிட்டு, களவுபோன பொருள் ஒருவன் வீட்டில் அகப்பட்டால், அவன் திருடனாக இல்லாவிடினும் மும்மடங்கு தண்டம் செலுத்த வேண்டும். எனினும், அப்பொருளை வஞ்சகமாக அங்கே சேர்த்தவன்மீது வழக்குத் தொடுக்கும் உரிமை அவனுக்கு இருந்தது.

நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் 114-ஆம் பிரிவில் ஒரு நெறியை வகுத்தது. களவு நடந்த சிறிது காலத்திற்குள் அப்பொருளை வைத்திருப்பவன், அது தனக்கு வந்த வகையை விளக்காவிடில், அவனே திருடியவன் என்றோ, திருட்டுப் பொருளென அறிந்தே பெற்றவன் என்றோ நீதிமன்றம் ஊகிக்கலாம். ‘ஊகிக்கலாம்’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். ஊகித்தே தீரவேண்டும் என்பதன்று. ஓயாது நாணயம் வாங்கும் கடைக்காரனுடைய பெட்டியில் அடையாளமிட்ட களவு ரூபாய் ஒன்று கிடைத்தால், அது யாரிடமிருந்து வந்தது என்று அவன் எவ்வாறு கூற முடியும்? இதனையும் நீதிமன்றம் எண்ணிப் பார்க்க வேண்டுமென்று அச்சட்டமே எடுத்துக்காட்டுத் தந்தது.

ஆகவே, வழக்குத் தொடுப்போர் பலவற்றை மெய்ப்பிக்க வேண்டும். அகப்பட்ட பொருள் களவுபோன பொருளே என்பது முதலாவது. அது குற்றஞ்சாட்டப்பட்டவனின் அறிவோடும் ஆளுகையோடும் இருந்தது என்பது இரண்டாவது. பலர் குடியிருக்கும் வீட்டின் பொது மூலையில் கிடைத்த பொருளை ஒருவன் தலையில் மட்டும் சுமத்துதல் பொருந்தாது. களவுக்கும் கண்டெடுப்புக்கும் இடையே நீண்ட காலம் செல்லவில்லை என்பது மூன்றாவது. கைமாறிக்கொண்டேயிருக்கும் பணத்திற்குச் சில நாட்களும் நெடுங்காலமே. எளிதில் விலைபோகாத அரும்பொருளுக்குச் சில மாதங்களும் குறுங்காலமாகலாம்.

குற்றஞ்சாட்டப்பட்டவன் கூறும் விளக்கம் முழுவதும் மெய்யென்று நிறுவப்பட வேண்டுமா? வேண்டியதில்லை. அது உண்மையாக இருத்தல் கூடும் என்ற நியாயமான ஐயம் எழுந்தாலே அவன் விடுதலைக்கு உரியவன் என்று 1914-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு இறுதிவரை வழக்குத் தொடுத்தவரையே சாரும்.

2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது; இந்நெறி அதன் 119-ஆம் பிரிவில் தொடர்ந்து நிற்கிறது. கையில் இருக்கும் பொருள் விசாரணைக்குத் தொடக்கமேயன்றித் தீர்ப்பு அன்று. வகுப்பறையில் காணாமற்போன எழுதுகோல் ஒரு தோழனின் பையில் கிடைக்கும் நாளில், அவனைப் பழிக்குமுன் அவன் கூறுவதைக் கேளுங்கள். நீதி அங்கேதான் தொடங்குகிறது.