லீடர்டாஃபெல்: சொல்லும் மேசையும்

அமெரிக்காவின் ஜெர்மானியப் பாட்டுச் சங்கங்கள் இடைக்கால ‘மைஸ்டர்சிங்கர்’ புலவர்களின் வாரிசுகள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நூரம்பெர்க் செருப்புத் தொழிலாளி ஹான்ஸ் சாக்ஸையும் மைஸ்டர்சிங்கர்களைப் பற்றிய வாக்னரின் இசைநாடகத்தையும் துணைக்கு அழைத்ததும் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. இக்கூற்று ஏற்கத்தக்கதன்று.

அப்படி எழுதுவோர் காட்டும் வலுவான சான்று ஒன்றே. 1839இல் உல்ம் நகரில் எஞ்சியிருந்த நான்கு மைஸ்டர்சிங்கர்கள் தங்கள் சின்னங்களை அவ்வூர் ‘லீடர்கிரான்ஸ்’ சங்கத்திடம் ஒப்படைத்தனர். சின்னம் கைமாறியது, கலை மாறவில்லை. மைஸ்டர்சிங்கர் தனித்துப் பாடுவார். ‘மெர்க்கர்’ என்னும் நடுவர் விதியேட்டின்படி பிழைகளைக் குறிப்பார். சங்கத்தாரோ நான்கு குரலாகச் சேர்ந்து பாடினர்.

இச்சங்கங்களின் மூலச்சொல் ‘லீடர்டாஃபெல்’. ‘லீடர்’ என்றால் பாட்டுகள். ‘டாஃபெல்’ லத்தீன் ‘டாபுலா’வின் வழிவந்தது, பலகையைக் குறித்து, பின் விருந்து மேசைக்கு ஆயிற்று. 1809இல் பெர்லினில் கார்ல் ஃப்ரீட்ரிஷ் ஸெல்டர் இப்பெயரில் குழு அமைத்தார். கட்டடத் தொழிலில் தேர்ந்தவர், கதேயின் நண்பர். கவிஞர், பாடகர், இசையமைப்பாளர் ஆகியோருக்கே அதில் இடம். மேசையைச் சுற்றி அமர்ந்து உண்பார்கள். தாங்களே இயற்றியதைப் பாடுவார்கள். ஆர்தர் மன்னனின் வட்டமேசையே அவர்களுக்கு முன்மாதிரி.

தெற்கே பாட்டுச் சங்கங்கள் ‘லீடர்கிரான்ஸ்’, அதாவது பாமாலை, என்ற பெயர் பெற்றன. ஸ்டுட்கார்ட் சங்கம் 1824இல் அதைச் சூடியது. ஆண்கள் பாடற்குழுவுக்கு ‘மேனர்கோர்’ என்று பெயர்.

கடல் கடந்தவை இச்சொற்களே. 1835இல் ஃபிலடெல்ஃபியா மேனர்கோர். 1836இல் பால்டிமோர் லீடர்கிரான்ஸ். 1847இல் நியூயார்க் லீடர்கிரான்ஸ். 1849இல் சின்சினாட்டியில் பல ஊர்ச் சங்கங்கள் கூடிப் பாட்டுவிழா எடுத்தன. வட அமெரிக்க ‘ஸெங்கர்புண்ட்’ என்னும் கூட்டமைப்பு பிறந்தது. ‘புண்ட்’ கட்டு, பிணைப்பு. நியூயார்க் மாநிலத்து மன்ரோவில் எமில் ஃப்ரே செய்த, நெடியேறும் சீஸுக்கும் லீடர்கிரான்ஸ் என்றே பெயர். நியூயார்க் லீடர்கிரான்ஸ் சங்கத்தார் விரும்பி உண்டதால் வந்தது. பாட்டுக்குழுவின் பெயர் தின்பண்டத்துக்கு ஏறுகிறதென்றால், இரண்டும் ஒரே மேசையில் இருந்தன என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் ஜெர்மனிக்கு எதிராக இறங்கியதும் ஜெர்மன் மொழியில் பாடுவதே சந்தேகத்துக்கு இடமாயிற்று. பல சங்கங்கள் கலைந்தன. ஆயினும் 1848இல் தொடங்கிய கொலம்பஸ் மேனர்கோர் பிழைத்தது. 1867இல் தோன்றிய சான் அன்டோனியோ பீத்தோவன் மேனர்கோர் தன் வளாகத்திலேயே பீர்த் தோட்டம் நடத்துகிறது.

நடுவரும் விதியேடும் நாடு கடந்து வாழ்வதில்லை, பந்தி வாழும். வீட்டில் ஜெர்மன் பேச்சு மெலிந்த பிறகும் பேரப்பிள்ளைகளைத் தாத்தாவின் பாட்டுக்கு இழுத்தது அந்தப் பந்திதான். இச்சங்கங்களின் வேர் மேசையில் இருக்கிறது. இதில் எனக்கு ஐயமில்லை.