சொல்லுக்கு எட்டாதவை: அகத்திணையும் செட்டிநாட்டு மகளிரும்

உள்ளத்தில் எழுவதெல்லாம் சொல்லில் அடங்குவதில்லை என்னும் ஏக்கம் இக்காலக் கவிஞர்க்கே உரியதன்று. தொல்காப்பியம் அதனை இலக்கணமாகவே வகுத்துள்ளது. நகை, அழுகை முதலாகிய 8 மெய்ப்பாடுகளும் ஒவ்வொன்றும் நந்நான்கு களன்களில் தோன்ற 32 ஆக விரிகின்றன. சொல் பிறக்குமுன் மெய் பேசிவிடுகிறது என்பது இவ்வியலின் உட்கிடை. தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் கூறுதல் இல்லை என்று களவியல் வரையறுக்கிறது. ஆயினும் அவள்பொருட்டுப் பேசத் தோழி இருக்கிறாள். கருத்தைப் பொதிந்து வைக்க உள்ளுறையும் இறைச்சியும் இருக்கின்றன.

சங்க அகப்பாடல்கள் பாடிய பொருள்வயிற் பிரிவு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செட்டிநாட்டின் வாழ்க்கை முறையாகவே ஆயிற்று. கொண்டுவிற்கச் சென்ற நகரத்தார் இலங்கை, பர்மா, மலேயா நாடுகளில் கடை வைத்தனர். முகவர்கள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் கடல் கடந்தனர். 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு அவர்கள் கைக்கு வந்திருந்தது. வட்டிக்குக் கணக்கு இருந்தது. பிரிவுக்குப் பேரேடு இல்லை.

எழுத்தறியாத மகளிர் பிறரைக் கொண்டு மடல் எழுதுவித்த காலம் அது. எழுதித் தருபவர் செவியில் விழ எந்த மனைவி தன் ஏக்கத்தை உரைப்பாள்? நலமும் செலவும் மடலேறின. மற்றவை நெஞ்சிலேயே தங்கின. அவை வெளிப்பட்ட இடங்கள் தாலாட்டும் ஒப்பாரியுமே. பொருள் உணராத குழந்தையே அவளுக்குத் தோழியாயிற்று. பிறர் வீட்டுத் துக்கமே தன் துக்கத்தைச் சொல்ல வாயிலாயிற்று. அவளுக்குச் சொற்பஞ்சம் இருந்ததில்லை. கேட்கும் செவிக்கே பஞ்சம்.

இவ்விரு உலகங்களையும் அறிந்தவர் மூதறிஞர் வ.சுப. மாணிக்கம் (1917–1989). மேலைச்சிவல்புரியில் பிறந்து, இளமையில் பர்மா சென்று வட்டிக்கடையில் பணிபுரிந்தவர். மீண்டு வந்து பண்டிதமணி மு. கதிரேசனாரிடம் தமிழ் பயின்றவர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் ஆசிரியராகவும் முதல்வராகவும் விளங்கியவர். கடல் கடந்தோர் மண்ணில் பிறந்த இவர் அகத்திணையைத் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டு ‘தமிழ்க் காதல்’ படைத்தது பொருத்தமே அன்றோ!

1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அவ்வாழ்க்கை குலைந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய அச்சு நூல்கள், 1994இல் சென்னையில் நிறுவப்பெற்ற ஆய்வு நூலகத்துக்கு அடித்தளமாயின. அச்சேறியவை பிழைத்தன. அச்சேறாத ஆச்சிமார் பாடல்களுள் தொகுக்கப்பெற்றவை போக எஞ்சியவை, அவற்றைப் பாட வல்லாரின் மூச்சோடு மறைந்து வருகின்றன.

நம் வட்டத்துக் கவிஞர்கள் சொல் வாராமல் வருந்தும்போது இம்மகளிரை நினைத்தல் நன்று. தமக்கென ஒரு சொல்லைத் தேடுமுன், வளவின் மூலையில் அமர்ந்திருக்கும் முதியவள் ஒருத்தியின் பாட்டுக்குச் செவி கொடுப்போமாக. பத்தாண்டு கண்ட நம் வட்டத்துக்கு அடுத்த பத்தாண்டின் பணி அதுவாகட்டும்.